வங்கக் கடற் புயலும் மலைப்பனிச் சரிவும்

ஐப்பசி மாதத்தில் வங்கக் கடலில் தாழமுக்கம் என்ற செய்தி வந்ததும், நீர்வேலித் தோட்டக்காரர் குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுப்பர். கடலிற் பிறந்த காற்று தோட்டத்தை வீழ்த்தும் என்பது அவர்கள் அறிந்ததே. அதே காற்று இமயத்தில் உறைபனியாகப் பொழிந்து உயிர்களைப் பறிக்கவுங் கூடும் என்பது பலரும் அறியாதது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள், ஹுட்ஹுட் என்னும் புயல் விசாகப்பட்டினத்தருகே கரையேறியது. வலி குன்றிய அதன் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாளில் நேபாளத்து அன்னபூர்ணா மலைப்புறத்தில் பெரும் பனியைக் கொட்டியது. மலைநடைக்கு உகந்த தெளிந்த காலமென்று பலர் சென்றிருந்த வேளை அது. 5,416 மீற்றர் உயரமான தொரங் கணவாயிலும் அயல் மலைகளிலும், பனிப்புயலாலும் பனிச்சரிவுகளாலும் 40 பேருக்கு மேல் மாண்டனர்.

பஞ்சுபோல் விழும் பனி சரிவது எவ்வாறு? மலைப்பனி ஒரே கட்டியன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகும். 30 முதல் 45 பாகை வரையான சாய்வில், அடுக்குகளின் பிணைப்புத் தளர்ந்தால் மேலடுக்கு முழுவதும் வழுக்கி இறங்கும்.

பருவத் தொடக்கத்துப் பனிக்குத் தனியான ஆபத்தொன்று உண்டு. அப்பனி மெல்லியது. அடியில் நிலத்தின் வெம்மை. மேலே இரவின் கடுங்குளிர். இடையிலுள்ள மெல்லிய பனியினூடே நீராவி மேலெழுந்து, பனித்துகள்களைச் சீனி போன்ற பெருமணிகளாக மாற்றுகிறது. அவை ஒன்றையொன்று பற்றுவதில்லை. பின்னர் விழும் பெரும் பனி அவற்றின்மேற் பலகைபோல இறுகும்போது, ஒருவரின் காலடியே அதை முறிக்கப் போதும். ஆகவே, பனி குறைவானால் ஆபத்தும் குறைவு என எண்ணுதல் பிழை.

இவ்வறிவு நமக்கெதற்கு என்று ஒதுக்குவதற்கில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலர் இன்று சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் மலையடிவாரங்களில் வாழ்கின்றனர். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம், குளிர்காலத்தில் நாள்தோறும் ஆபத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கிறது. மூன்றாம் படியை நடுத்தரமென்று எளிதாகக் கொள்ளலாகாது; அந்நாட்டிற் பனிச்சரிவால் இறப்போரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்தப் படி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே இறக்கின்றனர்.

காலடியில் 'தொம்' என்ற ஓசை எழுந்தாலும், பனியில் வெடிப்பு ஓடினாலும், அயலிற் புதிய சரிவு தென்பட்டாலும் திரும்பிவிட வேண்டும். புதையுண்டவரைப் பத்து நிமிடத்துள் தோண்டியெடுத்தாற் பெரும்பாலும் பிழைப்பர்; அரைமணி கடந்தாற் பிழைப்போர் சிலரே. வெளியிலிருந்து உதவி வருமுன் அந்நேரம் கழிந்துவிடும். உடன் சென்றவரே மீட்க வேண்டும் என்பதால், தனியே செல்வது தகாது.

பெரும் பனி ஓய்ந்து வானம் வெளுத்த முதல் ஓரிரு நாட்களே மிகக் கொடியவை. காற்றடங்கியதும் தோட்டக்காரர் வாழையைப் பார்க்கப் போகலாம். பனி ஓய்ந்ததும் மலையேறப் போகலாகாது.