தேதி குறிப்பதற்கு முன்

2024 ஏப்ரலில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்த 26 வயது இளைஞர் சென்னைப் புறநகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன்பின் இந்தச் சிகிச்சை என்றாலே பலர் நடுங்குகிறார்கள். வேறு பலர் யூடியூபில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் போடுகிறார்கள். இரு தரப்புக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்தச் சிகிச்சையின் பாதுகாப்பில் பெரும்பங்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முந்தைய வாரங்களில் தீர்மானமாகிறது. அந்த வாரங்களைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. முதல் தடவை பார்த்ததுமே "வர்ற வெள்ளிக்கிழமை அட்மிஷன் போட்டுடலாம், இந்த மாசம் பேக்கேஜ்ல தள்ளுபடி இருக்கு" என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முதலில் யாருக்கு இது தேவை என்று பார்ப்போம். மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. 158 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அது சுமார் 38. பிஎம்ஐ 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்றும் அது சொல்கிறது. தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் இதில் சேராது. அது உடல் வடிவத்துக்கானது, உடல் பருமன் நோய்க்கு மருந்தாகாது.

பரவலாகச் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒல்லியான குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். வெட்டியதைத் திரும்பப் பொருத்த முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும். அதனால் எண்டோஸ்கோபி பார்க்காமலே எந்த முறை என்று ஒருவர் முடிவு செய்தால், ஏன் என்று கேளுங்கள்.

இனி உடலைத் தயார்செய்யும் விஷயம். உடல் பருமன் உள்ள பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். அதன் இடப்பக்க மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடப்பதால், லேப்ராஸ்கோப் கருவியை உள்ளே விடும் மருத்துவருக்கு வழி மறிக்கும். அதைச் சுருக்கத்தான் அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரம் சோறு, இட்லி, தோசை, சர்க்கரை எல்லாவற்றையும் வெகுவாகக் குறைத்துப் புரதத்தை மையமாக வைத்த உணவைக் கொடுக்கிறார்கள். "எப்படியும் ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பிட முடியாது, இப்பவே சாப்பிட்டுக்கறேன்" என்று அந்த இரண்டு வாரத்தில் பிரியாணி விருந்து நடத்துபவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏன் இந்த உணவு என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்திய நாட்களிலேயே ஒரு ஆபத்து உண்டு. சாப்பாடு குறையும்போது சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். எடைக்காக செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசி போட்டிருந்தால் மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசிகளால் உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.

குறட்டையைச் சிரிப்புக்குரிய விஷயமாகவே நம் வீடுகளில் நினைக்கிறோம். பருத்த உடலோடு பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது ஆகியவை சேர்ந்தால் உறக்க மூச்சுத்தடை இருக்கலாம். மயக்க மருந்துக்குப் பிந்தைய மணிநேரங்களில் அது பெரிய ஆபத்து. முன்பே உறக்கப் பரிசோதனை செய்து, தேவையானால் தூக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைச் சில வாரம் மாட்டிப் பழகிவிட்டுத்தான் அறுவைக்குப் போக வேண்டும். இதயம், நுரையீரல், தைராய்டு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி பரிசோதனைகளும் உண்டு. புகைப்பதைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே விட வேண்டும். புகை, தையல் ஆறுவதைக் கெடுக்கும், ரத்தக்கட்டை வரவழைக்கும்.

மனநலப் பரிசோதனையை ஆஸ்பத்திரிகளில் அநேகமாக ஒரு கையெழுத்தோடு முடித்துவிடுகிறார்கள். மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சந்திப்பு உங்களைத் தேறியவர், தேறாதவர் என்று பிரிப்பதற்கானது அல்ல. கவலை வந்தால் சாப்பிடுகிறீர்களா, யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் சாப்பிடுகிறீர்களா, குடிப்பழக்கம் உண்டா என்பதையெல்லாம் மறைக்காமல் பேசும் இடம் அது. சோறு ஒருவருக்கு ஆறுதலாக இருந்திருந்தால், அறுவைக்குப் பின் அந்த ஆறுதல் ஒரே நாளில் பறிபோகும். அந்த இடத்தில் மது வந்து உட்காரும் ஆபத்து மெய்யானது. பைபாஸுக்குப் பின் மது விரைவாக ரத்தத்தில் ஏறுவதால் அடிமையாவதும் விரைவாக நடக்கும். ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்கள் மருந்தை நிறுத்தாமல், மனநல மருத்துவரின் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் இந்த அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்குக் கூடுவதை வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வீட்டாரையும் தயார்செய்ய வேண்டும். முதல் மாதங்களில் அரை இட்லியை இருபது நிமிடம் மென்று சாப்பிட வேண்டியிருக்கும். நடுவில் தண்ணீர் குடிக்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் இலை முழுக்கப் பரிமாறிவிட்டு, "என்னம்மா, கோழி கொத்தின மாதிரி சாப்பிடறே?" என்று பெரியம்மா கேட்பார். மூன்றாவது, நான்காவது மாதத்தில் கொத்துக்கொத்தாக முடி கொட்டும், பெரும்பாலும் பிறகு வளர்ந்துவிடும். கன்னம் ஒட்டியதைப் பார்த்து "என்ன, உடம்புக்கு எதாவதா?" என்று தெருவில் விசாரிப்பார்கள். ஆபரேஷன் செய்துகொண்டதை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் கூடவே இருந்து சமைக்கிற ஒருவருக்காவது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். திருமணமான பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழியைக் கேளுங்கள். "எடை குறைஞ்சா குழந்தை பிறக்கும்" என்று மாமியார் வீட்டு அவசரத்துக்காக இதைச் செய்துகொள்ளும் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

வைட்டமின் மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க உண்டு. பேக்கேஜ் விலையில் அந்தச் செலவு சேராது.

காப்பீடு பற்றித் தெரிந்துகொள்ளாமல் பலர் நகையை அடகு வைக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது நிரம்பி, மருத்துவர் பரிந்துரைத்து, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், எடை குறைப்பு அறுவை என்ற காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. 35 முதல் 40 வரை என்றால், மற்ற வழிகள் பலிக்காத நிலையில், கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதயத் தமனி நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய் ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மேலே சொன்ன 38 பிஎம்ஐ பெண்ணுக்கு மூட்டுவலி மட்டும் இருந்தால் பணம் கிடைப்பது கடினம், சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கேட்க வழி உண்டு. பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் பாருங்கள். முதல் நாள் உயரமும் எடையும் குறித்த ஓபி சீட்டை, பத்தியத்தில் எடை இறங்குவதற்கு முன் எடுத்ததை, பத்திரப்படுத்துங்கள். நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு.

ஒப்புதல் படிவத்தை அறுவைக்கு முந்தின இரவு, ஆங்கிலத்தில், கட்டில் ஓரத்தில் நீட்டுகிறார்கள் என்றால் அது ஒப்புதல் ஆகாது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள், செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிப் பெறுவதே செல்லும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சில நாள் முன்பே படிவத்தை வாங்கிப் படியுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். இரவில் ரத்தக்கசிவு வந்தால் யார் இருப்பார், தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசக் கருவியும் இதே கட்டடத்தில் உண்டா, இந்த மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறார்கள் என்றால் வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து வாங்குங்கள்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, தோள்பட்டை வரை ஏறும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். தையலில் கசிவோ ரத்தக்கட்டோ இருக்கலாம். நாட்கணக்கில் வாந்தி நீடித்தால் தயமின் வைட்டமின் தீர்ந்து மூளையே பாதிக்கப்படும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரவில் எடுக்கும் போன் எண் ஒன்றை வாங்கி, அங்கேயே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

தவறு நடந்துவிட்டதாகத் தோன்றினால் முதல் வேலை, மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேட்பது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், மருத்துவமனையின் வசதிக் குறைபாடு பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் புகார் தரலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உயிரே போய்விட்டால், உடலை வாங்கிச் செல்வதற்கு முன் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அந்தத் துயரத்தின் நடுவில் இதைச் செய்வது கொடுமைதான். ஆனால் தகனம் முடிந்தபின் சாவின் காரணத்தை நிறுவ அநேகமாக எந்தச் சான்றும் மிஞ்சாது.