காய்ச்சல் விட்டது, சிறுநீர் நின்றது



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், மக்ரிப் தொழுகைக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சகோதரி தன் மகனோடு வந்து நின்றார். "ஜுரம் நேத்தே விட்டிருச்சு பாய். ஆனா மனுஷன் எழுந்து உட்காரவே மாட்டேங்குறாரு. வாந்தி வேற எடுக்குறாரு" என்றார். கணவருக்கு டெங்கு என்று நான்கு நாட்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாற்பது வயதைச் சற்றுத் தாண்டியவர். லோடு ஆட்டோ ஓட்டுபவர். அதுவரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்: "பிளேட்லெட் எவ்வளவு?" மகன் ரிப்போர்ட்டைக் காட்டினான். முதல் நாளைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. எனக்கும் நிம்மதியாகிவிட்டது. அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப் போன நேரத்தில், எதற்கும் கேட்போம் என்று நம் கமிட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற செவிலியச் சகோதரிக்கு போன் செய்தேன். அவர் பிளேட்லெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கடைசியா எப்ப ஒன்னுக்குப் போனாரு?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில், முந்தின நாள் இரவு கொஞ்சம் போனார், அதுவும் பால் கலக்காத தேயிலை நிறத்தில் இருந்தது என்று மனைவிக்கு நினைவு வந்தது. உடனே 108-ஐ அழைத்தோம். ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 4-ஐத் தாண்டியிருந்தது. சாதாரணமாக அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இரண்டே நாளில் 7 ஆனது. ஐந்து முறை டயாலிசிஸ் செய்தார்கள்.

டெங்குவுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வாரம் முழுக்க என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஆளுக்கொரு கைமுஷ்டி அளவுதான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போல சிறுநீராக வெளியே விடுகின்றன. இந்த வேலைக்கு இரத்தம் நல்ல அழுத்தத்தோடு, இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரத்துக் குறைந்தால் முதலில் சிறுநீர் குறையும். அது நீடித்தால் உள்ளே இருக்கும் குழாய்களின் செல்கள் சாகத் தொடங்கும்.

டெங்குவில் நடப்பது இதுதான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் உடம்பு சூடு தணிகிற அதே நேரத்தில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. இரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. நீர் உடம்பில்தான் இருக்கிறது, ஆனால் ஓட வேண்டிய குழாயில் இல்லை. அழுத்தம் இறங்குகிறது, கை கால் சில்லிடுகிறது, கிட்னிக்கு இரத்தம் போய்ச் சேர்வதில்லை. நாமோ "ஜுரம் விட்டுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி ஆளைத் தனியாகப் படுக்க விட்டுவிடுகிறோம். டெங்குவில் பயப்பட வேண்டிய நேரமே அதுதான்.

அந்தச் சகோதரருக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. ஒன்று, கடுமையான வைரஸ் காய்ச்சலில் சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள ஒரு புரதம் இரத்தத்தில் கலக்கும். அது கிட்னிக் குழாய்களை அடைத்துக் கெடுக்கும். சிறுநீர் தேயிலை நிறத்தில் போனது அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். மற்றொன்று, நாமே வாங்கிக் கொடுத்தது. உடம்பு வலி தாங்கவில்லை என்று மெடிக்கலில் சொல்லி, மூன்று நாளாக வலி மாத்திரை போட்டிருக்கிறார். கவரைப் பார்த்தால் டைக்ளோஃபெனாக்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் நல்ல உடம்பில் ஒன்றிரண்டு நாள் பெரிதாக எதுவும் செய்யாமல் போகலாம். ஆனால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது, கிட்னி தன் இரத்தக் குழாயை விரித்துவைத்து எப்படியாவது சமாளிக்கப் பார்க்கும். இந்த மாத்திரைகள் அந்த விரிவைத் தடுத்துவிடுகின்றன. டெங்குவில் இரத்தக் கசிவு ஆபத்தையும் கூட்டுகின்றன. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பல நேரம் அந்த ஊசியும் இதே மருந்துதான்.

டெங்கு மட்டுமல்ல. கொரோனாவை நாம் நுரையீரல் நோய் என்றே நினைத்தோம். 2020-இல் நியூயார்க்கில் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோது, மூன்றில் ஒருவருக்கு மேல் கிட்னி திடீர் பாதிப்புக்கு ஆளாகியிருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு. ஆக்சிஜன் குறைவு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறிப் போவது, நுண்குழாய்களில் இரத்தம் உறைவது எல்லாம் சேர்ந்து வந்த விளைவு அது. கிட்னியையே குறிவைக்கும் வைரஸ்களும் உண்டு. 1951 முதல் 1953 வரை கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் காய்ச்சலும் கிட்னி செயலிழப்பும் வந்து விழுந்தார்கள். எலிகளிடமிருந்து பரவும் ஹான்டா வைரஸ்தான் காரணம் என்று பல ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தார்கள். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் வேறு வகை. அவை சத்தமில்லாமல் பல ஆண்டுகள் இருந்து கிட்னி வடிகட்டியைக் கெடுக்கக்கூடியவை.

சரி, வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? சிறுநீரைத்தான். கிரியேட்டினின் ரிப்போர்ட்டில் ஏறுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். சிறுநீர் குறைவது அதற்கு முன்பே தெரிந்துவிடும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது போக வேண்டும். ஆறு மணி நேரத்தில் 180 மில்லி, அதாவது ஒரு டம்ளர்கூட முழுதாக இல்லை. அவ்வளவுகூடப் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓயாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், குளிர்ந்த கைகால், பிதற்றல், மூச்சிரைப்பு, முகத்தில் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான்.

மாமனாரிடம் மருமகள் இதை எப்படிக் கேட்பாள் என்று ஒரு சகோதரி என்னிடம் நியாயமாகக் கேட்டார். குளியலறையில் அளவுக் கோடு போட்ட ஒரு பழைய பாட்டிலும், கதவருகே ஒரு காகிதமும் பேனாவும் வையுங்கள். அவரே எழுதட்டும். எழுத முடியாதவரென்றால் பேரன் கேட்கட்டும். பேரன்கள் எதையும் கேட்பார்கள்.

குடிக்கக் கொடுப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். காய்ச்சல் நாட்களில் கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கலாம். ஆனால் சிறுநீர் நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு, குடித்தால் வந்துவிடும் என்று சொம்பு சொம்பாக ஊற்றாதீர்கள். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் சேரும். இளநீரிலும் பழச்சாற்றிலும் இருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குலைக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நீர் என்பதை ஆஸ்பத்திரியில் முடிவு செய்யட்டும். நிலவேம்புக் கஷாயம் குடிப்பவர்கள் குடிக்கட்டும், ஆனால் அது தண்ணீருக்கும் டாக்டருக்கும் மாற்று அல்ல.

சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே கிட்னிக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில பிரஷர் மாத்திரைகளையும் சர்க்கரை மாத்திரைகளையும் வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் நாட்களில் மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தாமல், முதல் நாளே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ரமளானில் காய்ச்சலோடு நோன்பைப் பிடிவாதமாக வைத்த பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குப் பிறகு களா செய்யும் சலுகை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் என்றதும் "இனி ஆயுசுக்கும் இதுதானா?" என்று அந்த வீட்டில் அழுதார்கள். பணத்துக்குப் பயந்து கையெழுத்துப் போடவும் தயங்கினார்கள். இப்படித் திடீரென்று வரும் கிட்னி பாதிப்பு, காலமெல்லாம் சர்க்கரையால் கெட்ட கிட்னி போன்றதல்ல. செத்த செல்கள் மீண்டும் முளைக்கும் வரை இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். பலருக்குச் சில வாரங்களில் சிறுநீர் திரும்பிவிடும். எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது. தாமதமாகப் போனவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அது சேரும். அட்டை எடுக்காத குடும்பங்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பத்துக்கு உதவுகிறோம். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

வீடு திரும்பியவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் கிட்னி ஒரு முறை பாதித்ததைச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு முறை அடிபட்ட கிட்னிக்குப் பின்னால் நாட்பட்ட கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல்.

நம் சகோதரருக்கு மூன்றாம் வாரம் சிறுநீர் பழையபடி வரத் தொடங்கியது. மூன்றாம் மாத ரிப்போர்ட்டைத் தானே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கிரியேட்டினின் 1.2. சிறுநீரில் கொஞ்சம் புரதம் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறார். இடுப்பு வலிக்கு மாத்திரை கேட்டு மெடிக்கலுக்குப் போனவரை, மகன்தான் வழியிலேயே நிறுத்தித் திருப்பி அழைத்து வந்தானாம்.