கண்காட்சிக்கு வந்த சாமிகள்



நம்ம ஊர்க்காரங்க "சீசன்" என்று சொன்னால் அது கொடைக்கானல் சீசன்தான். மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். வட்டக்கானல் வரைக்கும் கார் வரிசையாக நிற்கும். பத்து நாளில் பூ வாடிவிடும், கண்காட்சியும் முடிந்துவிடும். அருங்காட்சியகம் அப்படி இல்லை, அங்கே வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பாதிதான் சரி என்று இந்த லீவில் தெரிந்துகொண்டேன்.

தஞ்சாவூரில் என் அத்தை வீடு இருக்கிறது. நானும் அப்பத்தாவும் தம்பியும் கும்பக்கரை வரைக்கும் நடந்தே இறங்கி, பெரியகுளத்தில் பஸ் ஏறிப் போனோம். மறுநாள் அத்தை எங்களை அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனாங்க. இந்தக் கலைக்கூடம் 1951-ல் தொடங்கப்பட்டது. தஞ்சை வட்டாரத்துக் கோயில்களிலும் நிலத்துக்குள்ளும் கிடைத்த கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் இங்கே இருக்கின்றன. (அதே அரண்மனையில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. தம்பிக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.)

வாசலிலேயே ஒரு சம்பவம். அப்பத்தா செருப்பைக் கழட்டி ஓரமாக வைத்தாங்க. காவலுக்கு இருந்த அண்ணன், "இங்க கழட்ட வேண்டாம் பாட்டி, இது கோயில் இல்ல, மியூசியம்" என்றார். அப்பத்தா உள்ளே எட்டிப் பார்த்துட்டு, "உள்ள நிக்கிறது யாரு?" என்று கேட்டாங்க. அவர் சிரித்துக்கொண்டே, "சாமிதான்" என்றார். "அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அப்பத்தா வெறுங்காலோடு உள்ளே போயிட்டாங்க. ஊர் எல்லையில் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற நமக்கு இது புரியும். அங்கே ஷூ காலோடு நடந்தவர்கள் அப்பத்தாவை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உள்ளே நான் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு சிலை முன்னால்தான். திருவெண்காடு கோயிலைச் சேர்ந்த ரிஷபவாகன சிவன். சுமார் மூன்றரை அடி உயரம். 1011-ஆம் ஆண்டு செய்தது. ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010 என்று வரலாறு பாடத்தில் படித்தோமே, அதற்கு அடுத்த வருடம்! தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டி, ஒரு காலைக் குறுக்கே போட்டு, ஒரு கையை மடக்கி எதன் மேலோ ஊன்றினாற்போல் சாய்ந்து நிற்கிறார். ஆனால் கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அங்கே நின்ற காளை கிடைக்கவில்லை. இருந்தாலும் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தால் மாட்டின் முதுகு எவ்வளவு உயரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் பார்வதி 1012-ல் செய்தது. படையெடுப்புக்குப் பயந்து மண்ணில் புதைத்து வைத்துப் பல நூறு வருடம் கழித்து வெளியே வந்த திருமேனிகள் இப்படித் தமிழ்நாட்டில் நிறைய உண்டு.

இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறேன். முதலில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருக்கி, அதில் உருவம் பிடிப்பார்கள். நம்ம மலையில் தேன் எடுக்கிறவங்களுக்கு அந்த மெழுகு நல்லாத் தெரியும். அதன் மேல் ஆற்று வண்டல் மண்ணைப் பல பூச்சாகப் பூசிக் காய வைப்பார்கள். பிறகு நெருப்பில் சூடாக்கினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்து போவதால் ஒரு அச்சில் ஒரே ஒரு சிலைதான். கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றைக்கும் இப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே கூடு இல்லாமல் முழுக்க உலோகம் என்பதால் கனம் அதிகம்.

சில சிலைகளின் பீடத்தில் வளையம் அல்லது துளை இருந்தது. கம்பு நுழைத்துத் தூக்கத்தான் அது. மூலவர் கல்லில் கருவறையிலேயே இருப்பார். உற்சவர் செம்பில் செய்தவர், திருவிழா வந்தால் வெளியே வருவார். அப்படிப் பார்த்தால் இந்தச் சாமிகளுக்கும் ஒரு சீசன் இருந்திருக்கிறது! வருடத்தில் சில நாள் தெருவுக்கு வந்து எல்லாருக்கும் காட்சி தருவார். முடிந்ததும் உள்ளே போய்விடுவார்.

அருங்காட்சியகத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிரந்தரக் காட்சி ஒன்று, சில மாதத்துக்கு மட்டும் வைக்கும் கண்காட்சி இன்னொன்று. ஏன் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்? இடம் போதாது என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வெளிச்சம். காகித ஓவியம், துணி இதெல்லாம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். வெயிலில் காயப்போட்ட சிவப்புப் பாவாடையை நினைத்துப் பாருங்கள். அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம் மட்டும் வைத்து, சில மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். செம்புச் சிலைக்கு வெளிச்சத்தால் பயமில்லை. உப்பும் ஈரமும்தான் எதிரி. மண்ணுக்குள் கிடந்தபோது ஏறிய உப்பு ஈரக்காற்று பட்டதும் வேலையைக் காட்டும். வெளிர்ப்பச்சைப் பொடியாக உதிர்ந்து உலோகத்தையே அரிக்கும். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். 1851-ல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தில், 1930-களிலேயே மின்சாரம் செலுத்திச் சிலைகளைச் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

சிலைகள் வெளிநாட்டுக் கண்காட்சிக்கும் போவது உண்டு. 2006 நவம்பரிலிருந்து 2007 பிப்ரவரி வரை லண்டனில் ராயல் அகாடமி என்ற இடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு முன் 2002-ல் வாஷிங்டனில் ஒன்று நடந்தது.

ஆனால் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கொண்டுபோன சாமிகளும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரைத் திருடிக்கொண்டு போனார்கள். அந்தக் கோயில் பெரும்பாலும் பூட்டியே கிடந்ததால் 2008-ல் திறந்து பார்த்தபோதுதான் சிலைகள் இல்லை என்று தெரிந்தது. அதே 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் அந்த நடராஜரை 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. இது எங்கள் கோயில் சாமி என்று எதை வைத்து நிரூபித்தார்கள் தெரியுமா? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னாடியே எடுத்து வைத்திருந்த போட்டோவை வைத்துத்தான்! 2014-ல் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அதனால் எனக்குக் கலைக்கூடத்தின் மேல் கோபம் வரவில்லை. காவல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, எந்த ஊர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்பத்தா ஒத்துக்கலை. "பூவும் இல்ல, வெளக்கும் இல்ல, சாமி பட்டினியா நிக்குது"ன்னு வீடு வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. "பூட்டி வச்ச கோயில்ல மட்டும் சாப்பாடு கெடச்சுச்சா?" என்று நான் கேட்டேன். "ஏன் பூட்டுனாங்க?" என்று திருப்பிக் கேட்டாங்க. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊருக்கு வந்ததும் 80 பக்க நோட்டு ஒன்றில் நம்ம ஊர்க் கோயில்களை எழுத ஆரம்பித்திருக்கிறேன். கோயில் பெயர், எத்தனை சாமி, கல்லா செம்பா, எத்தனை முழம், எங்கே உடைந்திருக்கிறது, இவ்வளவும் எழுதுகிறேன். போட்டோ எடுக்கலாமா என்று பூசாரித் தாத்தாவிடம் கேட்டேன். "போட்டோ வேணாம் தாயி, வேணும்னா பாத்து வரைஞ்சுக்க" என்றார். இதுவரை ஒன்பது கோயில் முடிந்திருக்கிறது. வரையத் தெரிந்தவர்கள் மதியம் சாப்பாட்டு மணிக்கு அப்புறம் என்னிடம் வரவும். எனக்குக் கை வரையவே வராது.

- 9ஆம் வகுப்பு மாணவி