பின்தங்கி வரும் விளக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக 2014-இல் வெளிவந்த ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலில் டிரிஃப்ட்குளோப் என்றொரு மாயப் பொருள் உண்டு. கனத்த கண்ணாடியாலான சிறு உருண்டை. எடை ஒரு பவுண்டு. கட்டளைச் சொல்லைச் சொன்னால் ஒளிரும். இன்னொரு சொல்லுக்கு, தரையிலிருந்து 5 அடிக்கு மிகாத உயரத்தில் மிதக்கும். கைக்கு வேலை வைக்காத தீப்பந்தம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். விதியிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. உருண்டை தரும் ‘லைட்’ மந்திரத்தின் பிரகாசம் 20 அடி, அதற்கப்பால் மங்கல் வெளிச்சம் இன்னொரு 20 அடி, ஆக 40. ஆனால், உரியவர் 60 அடிக்கு மேல் விலகினால்தான் அது நகரும். 60 அடிக்குள் வந்ததும் நின்றுவிடும். விளக்குக்குச் சொந்தக்காரர் இருட்டில் நடக்க, விளக்கு பின்னால் வரும்! கையில் பிடித்து எடுத்துப் போகலாமே என்றால், பிடித்ததும் மிதப்பது நின்றுபோகும்.

இது எழுதியவர்களின் கவனக்குறைவு, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லக்கூடும். திருத்தினால் நல்லதொரு ஆயுதம் வீணாகும் என்பதே என் வாதம். உருண்டையைச் சுரங்கத்தின் நடுவே மிதக்கவிட்டு வில்லாளி 60 அடி பின்வாங்கட்டும். உருண்டைக்கு அப்பால் 15 அடியில் வந்து நிற்கும் கோப்லின் நல்ல வெளிச்சத்தில் நிற்கிறது. இருட்டில் அதன் கண் எட்டுவது 60 அடி மட்டுமே. 75 அடியில் இருப்பவர் அதற்குத் தெரியமாட்டார். நீள்வில்லுக்கோ 150 அடி வரை தடையில்லை. ‘லைட்’ மந்திரத்தைத் தலைக்கவசத்தில் ஏற்றிக்கொண்டாலும் கை காலிதானே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அப்படி ஒளிர்பவரை எல்லோரும் பார்ப்பார்கள். தவிர, அந்த மந்திரம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும். உருண்டையை எந்தப் போர்வீரனும் பயன்படுத்தலாம்.

எல்ஃபும் ட்வார்ஃபும் இருட்டிலேயே பார்ப்பார்களே, விளக்கு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அந்தப் பார்வைக்கு நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல்தான். ‘டார்க்னஸ்’ மந்திரம் உண்டாக்கும் இருளில் அதுவும் பலிக்காது. அங்கேதான் உருண்டையின் இரண்டாவது ஆற்றலான ‘டேலைட்’ உதவும். அந்த இருளையே கலைத்துவிடும். ஒருமுறை பயன்படுத்தினால் மறுநாள் விடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், எப்போது செலவிடுவது என்று யோசிக்க வைக்கிறது. (அதை வைத்து வேம்பயரை எரிக்க நினைப்பவர்களுக்கு: 2014 விதியில் அந்த ஒளி சூரிய ஒளி அல்ல.) அசல் பலவீனம் வேறு. உருண்டை மிகக் குறைந்த தூரமுள்ள வழியிலேயே பின்தொடரும். போக முடியாமல் தடைபட்டால் மெல்லத் தரையில் இறங்கி அணைந்துவிடும். குழு கடந்துபோன பிறகு ஒரு கதவைச் சாத்துவது எந்தக் கோப்லினுக்கும் கஷ்டமில்லை.