கல்லூரியை அளந்து பார்ப்போம்

மண்பானை வாங்கச் சந்தைக்குச் செல்பவர்கள் அதைத் தட்டி ஓசை கேட்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், மூன்று ஆண்டுக் காலத்தையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒப்படைக்கப்போகும் கல்லூரியைப் பற்றி நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அது பெயர் பெற்ற கல்லூரியா?"

பெயர் ஓர் அளவு அன்று. அளந்து பார்க்கக் கூடியவை வேறு பல இருக்கின்றன. அவை யாவை என்பதையும், சேர்ந்த பிறகு ஒரு கல்லூரியிலிருந்து முழுப் பயனைப் பெறுவது எவ்வாறு என்பதையும், இயற்பியல் பட்டப் படிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

எந்த அடுப்பு சிறந்தது?

இரண்டு பாத்திரங்களில் ஒரே அளவு நீர் இருக்கிறது. முதல் பாத்திரத்து நீரின் வெப்பநிலை 80 டிகிரி. இரண்டாவதில் 30 டிகிரி. இரண்டையும் இரண்டு அடுப்புகளில் ஒரே நேரம் வைத்து இறக்குகிறோம். முதலாவது 85 டிகிரியிலும் இரண்டாவது 60 டிகிரியிலும் இருக்கின்றன. இறுதி வெப்பநிலையை மட்டும் பார்ப்பவர் முதல் அடுப்பே சிறந்தது என்பார். ஆனால் அது நீரின் வெப்பநிலையை உயர்த்தியது 5 டிகிரிதான். இரண்டாவது அடுப்போ 30 டிகிரி உயர்த்தியிருக்கிறது. அதாவது, ஆறு மடங்கு.

கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கும்போதும் இதை மறத்தல் கூடாது. தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் பெற்றவர்களை மட்டுமே சேர்க்கும் கல்லூரியில் அனைவரும் தேறுவதில் வியப்பில்லை. அறுபது விழுக்காட்டுடன் வந்தவர்களை முதுகலைப் படிப்பு வரை கொண்டு செல்லும் கல்லூரியின் பணி பெரிது. ஆனால் அது விளம்பரங்களில் இடம் பெறுவதில்லை. "எந்த நிலையில் உள்ளே வந்தவர்கள் எந்த நிலையில் வெளியே சென்றார்கள்?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒத்த தரமுடைய கல்லூரிகளில் இடம் கிடைத்தும், சிலர் புகழ் மிக்க கல்லூரியிலும் சிலர் அதனினும் எளிய கல்லூரியிலும் சேர்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் இவ்வாறு சேர்ந்தவர்கள் பின்னாளில் ஈட்டிய வருமானத்தை ஒப்பிட்டபோது, பொதுவாகப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் வருவாய் குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் நல்ல கல்லூரியால் பயன் விளைந்திருந்தது. வீட்டில் நூல்களும் வழிகாட்ட ஆளும் உள்ள மாணவன் எங்குப் படித்தாலும் ஒருவாறு முன்னேறிவிடுகிறான்; அவை இல்லாத மாணவனுக்குக் கல்லூரியே அவற்றைத் தரவேண்டியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அந்த நாட்டின் முடிவு நமக்கு அப்படியே பொருந்தும் என்று கூறிவிட முடியாது. ஆயினும் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவர்கள் கல்லூரியைக் கூடுதல் கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அது நினைவூட்டுகிறது.

எண்களுக்குப் பின்னால்

"எங்கள் மாணவர்களில் நூறு விழுக்காட்டினர் வேலை பெற்றனர்" என்று ஒரு கல்லூரி அறிவித்தால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். துறையில் பயின்றவர்கள் 120 பேர். வேலைத் தேர்வுக்குப் பெயர் கொடுக்க அனுமதிக்கப்பட்டவர்கள் 20 பேர். அந்த 20 பேருக்கும் வேலை கிடைத்தது எனக் கொள்வோம். இதுவும் ஒரு கணக்கில் நூறு விழுக்காடுதான். உண்மையில் ஆறு பேரில் ஒருவருக்கே வேலை கிடைத்திருக்கிறது.

சராசரிச் சம்பளமும் இத்தகையதே. ஒன்பது பேருக்கு மாதம் 15,000 ரூபாயும் ஒருவருக்கு 1,65,000 ரூபாயும் கிடைத்தால் சராசரி 30,000 ரூபாய் ஆகிறது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 30,000 ரூபாய் பெறவில்லை! சம்பளங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவர் பெறுவது எவ்வளவு என்று கேட்பதே சரியான முறை.

1994-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட 'நாக்' என்னும் தேசிய மதிப்பீட்டு அவை கல்லூரிகளுக்குத் தரம் வழங்கி வந்திருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016-ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. இவை பயனுள்ளவையே. ஆனால் தரம் கல்லூரி முழுமைக்கும் உரியது. நீங்கள் சேரப்போகும் துறைக்கு உரியது அன்று. தரம் எந்த ஆண்டில் வழங்கப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'தன்னாட்சிக் கல்லூரி' என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. 1978-ஆம் ஆண்டில் சென்னை லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளில் இம்முறை தொடங்கியது. இத்தகைய கல்லூரி தானே பாடத்திட்டத்தை வகுத்துத் தேர்வையும் நடத்துகிறது. பட்டத்தைப் பல்கலைக் கழகம் வழங்குகிறது. நல்ல ஆசிரியர்கள் இருந்தால் பாடத்திட்டம் காலத்தோடு வளரும். அவர்கள் இல்லையேல் தேர்வு எளிதாகும், படிப்பும் மெலிந்துபோகும். ஆகவே தன்னாட்சி என்ற சொல்லை மட்டும் நம்பாமல் அதன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஐந்து நிமிடம்

கூடுமானால் நேரில் செல்லுங்கள். அலங்கார வளைவையும் கலையரங்கையும் பார்த்தது போதும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தைக் காட்டும்படி கேளுங்கள். ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? முப்பது மாணவர்களுக்கு ஆறு கருவிகளே இருந்தால் ஒவ்வொன்றையும் ஐவர் சூழ்ந்து நிற்பர். மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பில் ஒருவருக்குக் கிடைப்பது 36 நிமிடம். மற்ற நேரத்தில் அவர் வேடிக்கை பார்ப்பவரே.

நிறமாலைமானியின் மேல் தூசி படிந்திருக்கிறதா, நூலகத்திலிருந்து முதலாண்டு மாணவர்கள் வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்லலாமா, நிலையான ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், காலியிடங்கள் எத்தனை என்பவற்றை இரண்டாம் ஆண்டு மாணவர் எவரிடமேனும் கேட்டால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். கௌரவ விரிவுரையாளர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தால், மாணவனை மூன்று ஆண்டுகளும் அறிந்தவர் ஒருவரும் இல்லாமற் போய்விடும்.

தொலைவும் செலவும்

பேருந்தில் செல்ல ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை மணி எனில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். ஆண்டுக்கு 180 வேலை நாட்கள் என்று கொண்டால் 540 மணி; மூன்று ஆண்டுகளில் 1,620 மணி. கல்லூரி நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என வைத்தால் இது 270 நாட்களுக்குச் சமம். அதாவது ஒன்றரைக் கல்வியாண்டு சாலையிலேயே கழிகிறது! தொலைவிலுள்ள கல்லூரி இந்த இழப்பை ஈடு செய்யும் அளவுக்குச் சிறந்ததா, இல்லையேல் விடுதியில் தங்க வசதி உண்டா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 150-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. சேரும்போது இத்தகைய உதவிகளின் அப்போதைய விதிகளைக் கேட்டறிந்து கொள்ளுங்கள். தனியார் கல்லூரியாயின் முதல் பருவக் கட்டணத்தை மட்டும் கேட்டு மகிழ வேண்டாம். தேர்வு, பேருந்து, விடுதி, சிறப்புக் கட்டணம் அனைத்தையும் மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டிப் பாருங்கள்.

மொழி என்னும் மதில்

தமிழ் வழியில் பயின்று வருவோரை முதல் பருவத்தில் அச்சுறுத்துவது ஆங்கிலமே. சில அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியிலேயே பட்டப் படிப்பு உண்டு. தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்க 2010-ஆம் ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டது. எனினும் உயர் ஆய்வு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளுக்கு ஆங்கில நூல்களைப் படித்தே ஆகவேண்டும்.

ஆங்கில வழி வகுப்பில் விடை தெரிந்தும் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுக்கு நான் கூறுவது இதுதான்: புரியாமல் இருப்பது இயற்பியலா, ஆங்கிலமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைத் திறந்து அதே பகுதியைப் படியுங்கள். அங்கே புரிந்துவிட்டால் உங்களுக்குக் குறை அறிவில் இல்லை, சில சொற்களில்தான். ஒரு குறிப்பேட்டில் உந்தம், முறுக்குவிசை, விளிம்பு விளைவு என ஒருபுறமும், அவற்றின் ஆங்கிலச் சொற்களை மறுபுறமும் எழுதி வாருங்கள். நாளைக்கு ஐந்து சொல் போதும். நூறு நாளில் ஐந்நூறு சொற்கள் கைவசமாகும். வகுப்பில் ஐயத்தைத் தமிழிலேயே கேளுங்கள். கேட்காமல் விட்ட ஐயமே தேர்வில் திரும்பி வரும்.

சேர்ந்த பிறகு

சர் சி. வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான செய்முறையில் சில ஒளிப்பட்டைகளைக் கண்டார். இருபுறமும் அவை சமமாக இல்லை. ஏன் என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1906-ஆம் ஆண்டில், அவருடைய பதினெட்டாம் வயதில், இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. அதே கல்லூரியில் பயின்ற சு. சந்திரசேகர், 1928-ஆம் ஆண்டில் செர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் நூலில் கற்ற குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டதை அவரிடம் அறிந்து புதியதைத் தாமே கற்றார். அடுத்த ஆண்டிலேயே அவருடைய ஆய்வுக் கட்டுரை இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வந்தது.

"அது பெயர் பெற்ற கல்லூரிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. ஆனால் அந்த நிறமாலைமானியில் எத்தனையோ மாணவர்கள் கோணத்தை அளந்து, குறித்துக்கொண்டு, வீட்டுக்குச் சென்றிருப்பார்கள் அல்லவா?

ஆகவே, அளவீட்டை நீங்களே எடுங்கள்; சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். உங்களை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவரையாவது முதலாண்டிலேயே தேடிக்கொள்ளுங்கள். இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் பட்டப் படிப்பு மாணவர்களுக்காக நடத்தும் தேர்வு, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, ஐ.ஐ.டி.க்களில் முதுகலை அறிவியல் பயில 2004-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் 'ஜாம்' நுழைவுத் தேர்வு ஆகியவற்றை மூன்றாம் ஆண்டின் இறுதியில் கேள்விப்பட்டுப் பயனில்லை. முதலாண்டிலேயே அவற்றைப் பற்றி விசாரியுங்கள்.

விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காமலும் போகலாம். அதற்காக மூன்று ஆண்டுகளையும் வருந்திக் கழிக்க வேண்டியதில்லை. கருவி குறைவான ஆய்வுக்கூடமாயின் முதல் ஆளாகச் சென்று நில்லுங்கள். மாலையில் கூடுதல் நேரம் கேளுங்கள். ஆர்வத்துடன் கேட்கும் மாணவனுக்கு ஆய்வுக்கூடத்தின் சாவியை எடுத்துவர மறுக்கும் ஆசிரியர்கள் மிகச் சிலரே.