வண்டி ஏன் நின்றது?



நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் புகுந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் நியூட்டனின் முதல் விதியைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். புறவிசை ஒன்று தாக்காத வரையில், ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் ஒரே வேகத்தில், நேர்கோட்டில், இயங்கிக்கொண்டே இருக்கும் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மாடு இழுப்பதை நிறுத்தினால் எங்கள் வண்டி நின்றுவிடுகிறதே! இழுக்காமல் எதுதான் ஓடும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "தேர்வில் புத்தகத்தில் உள்ளபடி எழுது" என்று சொல்லி அவனை அமர வைத்துவிட்டேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வினா எழுப்பவே இல்லை. அன்று நான் தரத் தவறிய விடையை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அவன் கேட்டது பேதைமையான வினா அன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணினார். தள்ளுவதற்கோ இழுப்பதற்கோ ஒன்று இருக்கும் வரையில்தான் வண்டி போன்ற பொருள்கள் இயங்கும் என்பது அவர் கொள்கை. இடையிடையே சிலர் ஐயம் எழுப்பினரெனினும், அக்கொள்கை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. கண்ணால் காண்பது அதற்குச் சான்று கூறுவதுபோல் தோன்றியதே காரணம்.

ஆனால் கண் காணாத ஒன்று அங்கே இருக்கின்றது. நீங்கள் கேரம் ஆடியிருப்பீர்கள். பலகையில் மாவு தூவாமல் காயைச் சுண்டினால் அது சிறிது தொலைவு சென்று நின்றுவிடும். மாவு தூவி அதே வலிமையுடன் சுண்டினால் நெடுந்தொலைவு வழுக்கிச் செல்லும். விரல் கொடுத்த உந்துதல் இரண்டு முறையும் ஒன்றே. விரலை விட்டு நீங்கியபின் காயை எவரும் தள்ளவும் இல்லை. மாறியது பலகையின் உராய்வு மட்டுமே. அப்படியாயின் உராய்வே இல்லாத பலகையில் காய் எங்கே நிற்கும்?

இதே வினாவைத்தான் இத்தாலிய நாட்டு அறிஞர் கலிலியோ எழுப்பினார். ஏறக்குறைய 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் அமைத்து, அதைச் சாய்த்து வைத்து, வெண்கல உருண்டையை உருளவிட்டார். நொடி காட்டும் கடிகாரம் இல்லாத காலமாதலால், கலத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். 1638ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் இச்சோதனையை அவர் விளக்கியுள்ளார். ஒரு சரிவில் இறங்கும் உருண்டை எதிர்ச்சரிவில் ஏறத்தாழ முன்னிருந்த உயரத்தை எட்ட முயல்கின்றது. எதிர்ச்சரிவின் சாய்வைக் குறைக்கக் குறைக்க அது மேலும் மேலும் தொலைவு செல்லவேண்டியதாகிறது. சரிவே இல்லாமல் தளம் கிடையாக இருந்து, தடையும் இல்லையானால், அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் அன்றோ? இவ்வுண்மையையே நியூட்டன் 1687இல் வெளியிட்ட தம் பெருநூலில் முதல் விதியாக நிலைநாட்டினார்.

இனி நம் வண்டிக்கு வருவோம். அச்சிற்கும் சக்கரத்தின் குடத்திற்கும் இடையே உராய்வு இருக்கின்றது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் அழுந்துவதால் வேறொரு தடை எழுகின்றது. வண்டி சீரான வேகத்தில் செல்லும்போது மாட்டின் இழுவிசை முன்னோக்கியும், இத்தடைகள் பின்னோக்கியும் சமமாகச் செயற்படுகின்றன. ஆகவே வண்டியின் மீது எஞ்சி நிற்கும் விசை சுழி. மாடு இழுப்பதை விட்டதும் தடை மட்டும் எஞ்சுகிறது. வண்டியை நிறுத்துவது அதுவே. விசை இல்லாமையால் வண்டி நிற்கவில்லை; விசை இருப்பதால்தான் நின்றது! அச்சிற்கு மை இடுகின்ற வண்டிக்காரர் இவ்வுண்மையை நூல் கல்லாமலே கையாள்கின்றார்.

எனவே விசை என்பது இயக்கத்திற்குக் காரணம் அன்று. இயக்கத்தில் நேரும் மாறுதலுக்கே காரணம். அம்மாறுதல் எவ்வளவு என்பதை இரண்டாம் விதி அளந்து கூறுகின்றது: பொருளின் நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைக்கும். இது வெறும் கணக்கன்று; உயிர் காக்கும் கணக்கு.

மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர், வேகத்தில் பேருந்து செல்கின்றது. அதில் 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் ஒருவன் இருக்கின்றான். ஓட்டுநர் 5 நொடியில் வண்டியை நிறுத்தினால், அவன் உடல்மீது செயற்படும் விசை 100 நியூட்டன். 10 கிலோகிராம் அரிசிப் பையின் எடை அளவே. அதே வேகத்தில் அவன் ஒரு கம்பத்தில் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நிற்பானாயின், அவ்விசை 5,000 நியூட்டன். 50 கிலோகிராம் அரிசி மூட்டைகள் பத்தின் எடை! வேகமும் நிறையும் மாறவில்லை. நிற்பதற்கான காலம் சுருங்கியது, அவ்வளவே. தலைக்கவசத்தின் உட்பஞ்சு நசுங்கி அக்காலத்தைச் சற்று நீட்டுவதனாலேயே மண்டையோடு காக்கப்படுகிறது. ஓடும் பேருந்தின் படியிலிருந்து இறங்குபவனின் கால்களைத் தரையின் உராய்வு நிறுத்திவிடுகிறது. மேலுடலோ பேருந்தின் வேகத்துடனேயே செல்கின்றது. அவன் முன்னே குப்புற விழுவதற்குக் காரணம் ஊழ் அன்று, முதல் விதியே.

தடை மிக அரிதான இடத்தில் பொருள் எவ்வாறு இயங்கும் என்று காண விழைந்தால் வானை நோக்குங்கள். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அமெரிக்கா செலுத்திய வாயேஜர் 1 என்னும் விண்கலம், நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் சென்றுகொண்டிருக்கின்றது. அதை முன்னோக்கித் தள்ளும் எந்திரம் எதுவும் இப்போது இயங்கவில்லை. அதன் சிறு உந்திகள் அலைவாங்கியைப் பூமியை நோக்கித் திருப்பி வைப்பதற்கே பயன்படுகின்றன. கதிரவனின் ஈர்ப்பு மட்டும் அதன் வேகத்தை மிகமிகச் சிறிதளவு குறைத்து வருகின்றது.

இழுக்காமல் எதுதான் ஓடும் என்று கேட்ட அம்மாணவனுக்கு, அன்றே ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்த அக்கலத்தை நான் காட்டியிருக்கலாம். ஒரு கேரம் பலகையையாவது காட்டியிருக்கலாம். மாணவர்களே, புத்தகம் ஒன்று கூற, உங்கள் கண் வேறொன்று கூறினால் எழுந்து கேளுங்கள். விடை கிடைக்கும் வரையில் அமர்ந்துவிடாதீர்கள்.