பாலைப் பழம்

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் மணற்காடுகளில் உலக்கைப் பாலை என்னும் விருக்ஷம் மிகுதி. 1971 முதல் அங்கு ராக்கெட் நிலையம் இயங்குவதால் வெளியார் சென்று பழம் பொறுக்க இயலாது. இலங்கையில் வன்னிக் காடுகளிலும் இம்மரம் உண்டு.

கோடையில் பழுக்கும் இக்கனி வேப்பம்பழத்தின் அளவும் மஞ்சள் நிறமும் உடையது. பெரும்பாலும் ஒரே விதை. தித்திப்போ அலாதியானது. ஆனால் அதன் பால் பசைபோல் உதட்டில் ஒட்டும். பலாச்சுளை எடுப்போர் செய்வதுபோல் விரலிலும் உதட்டிலும் சிறிது எண்ணெய் தடவிக்கொள்க. தானே உதிர்ந்த பழத்தில் பால் குறைவு.

பேராசையால் கிளையை வெட்டிச் சாய்த்துப் பறிப்போர் உளர். இது பெருந்தவறு. உலக்கைக்கு உதவும் அளவு வைரம் பாய்ந்த இம்மரம் வளருவதோ வெகு மந்தம். வெட்டியவனுடைய பேரனுக்குத்தான் அடுத்த நிழல். மேலும், சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாக உதவுவது இதன் நாற்றே. ஆகையால் தோட்டமுள்ள அங்கத்தினர்கள் விதையை எறிந்துவிடலாகாது.

பழம் விரைவில் கெடும். கூடையில் அழுத்தி ராயபுரத்திற்கு அனுப்பினால் கூழே போய்ச் சேரும். குஜராத்தில் ராயண் என்று பெயரிட்டு, வெயிலில் உலர்த்தி வைத்து உண்கிறார்கள். நம்மவரும் முதலில் ஒரு முறத்தளவு உலர்த்திப் பார்க்கலாம்.